பளிங்கில் நிற்கும் பிள்ளைகள்: பண்டைய கிரேக்கக் கல்லறைக் கற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறந்துபோன பிள்ளைகளுக்காகப் பண்டைய கிரேக்கர்கள் செதுக்கி நட்ட பளிங்குக் கற்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் சில கேள்விகள் தவறாமல் வந்துவிடுகின்றன. அவற்றுக்கான பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது எதுவோ அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டுக்கு வீடு குழந்தைகள் இறந்த காலம் அது. பெற்றவர்களுக்கு மனம் மரத்துப் போயிருக்காதா?

இல்லை. இதற்கு நான் ஒரு கல்லைக் காட்டித்தான் பதில் சொல்வேன்.

ஏதென்ஸுக்குத் தெற்கே வாரி என்றொரு ஊர். அங்கே கிடைத்த, கி.மு. 420ஐ ஒட்டிய ஒரு கல் இப்போது ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்காள் ம்னெசாகொரா ஒரு பறவையைக் கையில் பிடித்து நீட்டுகிறாள். தம்பி நிகோகாரெஸ் அதை வாங்கக் கையை உயர்த்துகிறான். எந்த வீட்டு முற்றத்திலும் காணக்கூடிய காட்சிதான். கல்லில் பொறித்திருக்கும் செய்யுளின் பொருள் இது: “ம்னெசாகொராவுக்கும் நிகோகாரெஸுக்கும் உரிய நினைவுக்கல் இது. அவர்களைக் காட்ட வழியில்லை; விதி பறித்துக்கொண்டது. அன்பான தந்தைக்கும் தாய்க்கும், இருவருக்குமே, பெருந்துக்கத்தை விட்டுவிட்டு, இறந்து, ஹேடிஸின் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.” (ஹேடிஸ் என்பது இறந்தோர் உலகின் தெய்வம்.)

“காட்ட வழியில்லை” என்று சொல்லும் அதே கல்லில்தான் அவர்கள் இருவரும் நம் கண்முன் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. கல்லில் இருப்பது தங்கள் பிள்ளைகள் அல்ல என்பது தெரிந்தேதான் கல்லை நட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று மொழிபெயர்ப்பில் நழுவிவிடுகிறது. தமிழில் ஒருமை, பன்மை என இரண்டுதான் உண்டு. பழைய கிரேக்கத்தில் இவற்றுக்கு நடுவே ‘இருமை’ என்றொரு எண்ணும் இருந்தது. இரண்டு பேரை மட்டும், இரண்டு பொருளை மட்டும் சொல்வதற்கான சொல்வடிவம். இந்தச் செய்யுளில் பிள்ளைகளைப் பற்றிய சொற்கள் இருமையில் வருகின்றன. ‘விட்டுச் சென்றார்கள்’, ‘இறந்தார்கள்’, ‘போனார்கள்’ எல்லாமே இருவராகச் செய்தவை. பெற்றோரைக் குறிக்கும் ‘இருவருக்கும்’ என்ற சொல்லும் அப்படித்தான். அங்கே இரண்டு பேர் சேர்ந்து போகிறார்கள், இங்கே இரண்டு பேர் நின்றுவிடுகிறார்கள். இலக்கணமே அழுகிற இடம் என்று இதைத்தான் சொல்வேன்.

அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பத்து வயதை எட்டவில்லை என்பது மக்கள்தொகை ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணிப்பு. அதிலிருந்து “பழகிப்போயிருக்கும்” என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. பக்கத்து வீட்டிலும் பிள்ளை இறந்தது என்பதால் தன் வீட்டு இழவு எந்தத் தாய்க்கும் சிறிதாவதில்லை. புத்திர சோகம் என்று நாம் தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். அது எதைச் சொல்கிறது என்பது அந்தப் பெற்றோருக்கு விளக்காமலே புரிந்திருக்கும்.

இவற்றை நடுகல் என்று அழைக்கலாமா?

நான் அழைப்பதில்லை. நடுகல் என்றால் நமக்குப் போரிலோ ஆநிரை மீட்பிலோ பட்ட வீரனின் கல்தான் நினைவுக்கு வரும். கிரேக்கர்கள் நிறுத்தி வைத்த கல்லை ‘ஸ்டேலே’ என்றார்கள். கல்லறையின் மேல் நிற்பதை ‘சேமா’ என்றும் ‘ம்னேமா’ என்றும் சொன்னார்கள். முதலாவதற்கு அடையாளம் என்று பொருள், இரண்டாவதற்கு நினைவு என்று பொருள். கல்லறைக் கல், நினைவுக்கல் என்ற நம் எளிய சொற்களே போதும்.

ஒரே ஒரு கல்லைப் பார்க்க நேரமிருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் புறாச் சிறுமியை. கி.மு. 450க்கும் 440க்கும் இடைப்பட்ட கல். ஈஜியன் கடலில் உள்ள பாரோஸ் தீவில் கிடைத்தது. இங்கிலாந்துப் பிரபுக் குடும்பம் ஒன்றின் மாளிகையில் நெடுங்காலம் இருந்து, 1927இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தது. உயரம் 80 சென்டிமீட்டர்தான். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவிடலாம் என்று தோன்றும் அளவு.

சிறுமி பக்கவாட்டில் நிற்கிறாள். தலை சற்றே குனிந்திருக்கிறது. இரண்டு புறாக்கள், ஒன்று கையில் உட்கார்ந்திருக்கிறது, மற்றொன்றை அவள் அணைத்துப் பிடித்திருக்க, அதன் அலகு அவள் உதட்டருகே வந்து நிற்கிறது. பெப்ளோஸ் என்னும் நீண்ட ஆடையை இடுப்பில் கச்சை கட்டாமல் உடுத்தியிருக்கிறாள். அதனால் ஒரு பக்கம் விலகி, உடலின் ஓரம் தெரிகிறது. துணி பெரியவர்களுடையதுபோல் மடிப்பு மடிப்பாக விழுகிறது. உள்ளே இருப்பதோ கொழுகொழுவென்ற பிள்ளைக் கை. சிற்பி பார்த்துப் பார்த்துச் செதுக்கிய இடம் அந்தக் கை என்று நினைக்கிறேன். பறவையை நசுக்கிவிடாமலும் பறக்க விட்டுவிடாமலும் பிடிக்கக் குழந்தைகள் எப்படி விரல்களை வைத்துக்கொள்வார்களோ, அப்படி இருக்கிறது.

பாரோஸ் பளிங்குக்கு ஒரு குணம் உண்டு. ஒளி மேலோடு திரும்பிவிடாது. சற்று உள்ளே புகுந்து வெளிவரும். தோலைச் செதுக்க அதைவிடப் பொருத்தமான கல் கிரேக்கத்தில் இல்லை. அந்தத் தீவுகளின் கல் தச்சர்கள் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களில் பலர் பிறகு பார்த்தெனான் கோயில் வேலைக்காக ஏதென்ஸ் சென்றார்கள் என்று கருதப்படுகிறது. இந்தச் சிறுமியைச் செதுக்கியவரும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம்.

கல்லில் பெயர் இல்லை. யாருடைய மகள் என்பது தெரியாது.

ஏன் எப்போதும் பறவை? அது உயிரின் அடையாளமா?

புறா அஃப்ரோடைட்டி தெய்வத்துக்கு உரியது, ஆகவே இதில் ஆழ்ந்த பொருள் உண்டு என்று சிலர் சொல்வார்கள். பறந்துபோகும் உயிரைப் பறவை குறிக்கிறது என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு முன்னால் அது அந்தப் பிள்ளை வளர்த்த பறவை. மற்றக் கற்களையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் மெலிஸ்டோ என்ற சிறுமியின் கல் இருக்கிறது, கி.மு. 340ஐ ஒட்டியது. அவள் கையில் ஒரு பொம்மை, ஒரு பறவை. காலடியில் சடைமுடிச் சிறு நாய் ஒன்று அவளைப் பார்த்துத் துள்ளுகிறது. வேறு கற்களில் வாத்து வரும், பந்து வரும், தள்ளிக்கொண்டு ஓடும் சக்கரவண்டி வரும், ஆட்டின் கணுக்கால் எலும்புகள் போட்ட பை வரும். அந்த எலும்புகளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது நம் அஞ்சாங்கல் போன்ற ஒரு விளையாட்டு.

இவை எல்லாவற்றையும் தத்துவமாக்கத் தேவையில்லை. பிள்ளையை இழந்த வீட்டில் அதன் விளையாட்டுச் சாமான்களை யாரும் உடனே எடுத்து ஒதுக்குவதில்லை. “என் பிள்ளை எப்போதும் அந்தப் புறாவோடுதான் இருக்கும்” என்று ஒரு தாய் சொல்ல, சிற்பி கேட்டுக்கொண்டிருப்பதை என்னால் எளிதில் மனக்கண்ணில் பார்க்க முடிகிறது.

அப்படியென்றால் ஒவ்வொரு கல்லும் அந்தந்தக் குழந்தையின் உருவமா?

இல்லை. பட்டறைகளில் காட்சியை முன்கூட்டியே செதுக்கி வைத்து, வாங்குபவர் வந்த பிறகு பெயரைப் பொறித்துக் கொடுப்பது பரவலாக இருந்தது. முகம் இன்னாருடையது என்று அடையாளம் காண முடியாதபடி பொதுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆயத்தமாக வாங்கிய கல் என்பதால் துக்கம் ஆயத்தமானது ஆகிவிடாது. அதற்குச் சான்று அம்ஃபரெத்தே.

அம்ஃபரெத்தே யார்?

ஏதென்ஸின் கெரமெய்கோஸ் இடுகாட்டில் கிடைத்த கல் ஒன்றின் தலைவி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. இருக்கையில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். மடியில், அவளுடைய மேலாடையின் மடிப்புக்குள் பொதிந்தாற்போல் ஒரு கைக்குழந்தை. அவள் ஒரு சிறு பறவையைப் பிடித்துக் காட்ட, குழந்தை அதைப் பார்க்கிறது. பார்க்கிற எவரும் தாயும் சேயும் என்றே சொல்வார்கள். பெண்ணின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

எழுத்தைப் படித்தால் கதை மாறுகிறது. “என் மகளின் அன்புக் குழந்தையை இங்கே ஏந்தியிருக்கிறேன். நாங்கள் உயிரோடு, கண்ணால் கதிரவனின் ஒளியைக் கண்டிருந்த நாளில் என் மடியில் வைத்திருந்த குழந்தை இது. இப்போதும் ஏந்தியிருக்கிறேன், இறந்த குழந்தையை, இறந்துவிட்ட நான்.”

பாட்டியும் பேரப்பிள்ளையும். ஒரே காலத்தில் இருவரும் போயிருக்கிறார்கள். கிரேக்க மூலத்தில் கடைசியில் ‘இறந்த’ என்ற சொல் இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது; ஒன்று குழந்தைக்கு, ஒன்று பாட்டிக்கு. நடுவே வேறு சொல் எதுவும் இல்லை. குழந்தையும் பாட்டியும் கல்லில் எப்படி ஒட்டி இருக்கிறார்களோ, எழுத்திலும் அப்படியே ஒட்டி இருக்கிறார்கள்.

தாயும் சேயுமாக ஆயத்தமாக இருந்த ஒரு கல்லை வாங்கி, இந்த வரிகளைப் பொறித்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அந்தக் கல்லை நட்டவர்களில் ஒருத்தியை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். அம்ஃபரெத்தேயின் மகள், அந்தக் குழந்தையின் தாய். ஒரே கல்லில் தன் தாயையும் தன் பிள்ளையையும் விட்டுவந்தவள். அவள் பெயர் எங்கும் இல்லை. கல் முழுவதும் அவள்தான் இருக்கிறாள்: “என் மகளின் குழந்தை.”

முகங்களில் ஏன் அழுகையே இல்லை?

கல் காட்டுவது இறந்த பிள்ளையை அல்ல, வாழ்ந்த பிள்ளையை. இதுதான் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கற்களின் பொது வழக்கம். பிள்ளை தன் வேலையில் இருக்கும்; புறாவுக்கு முத்தம் கொடுக்கும், பந்தைப் பிடிக்கும். சாவு கல்லுக்கு வெளியே, பார்ப்பவரின் பக்கத்தில் இருக்கிறது.

நான்காம் நூற்றாண்டில் இது மெல்ல மாறுகிறது. கி.மு. 340ஐ ஒட்டிய புகழ்பெற்ற கல் ஒன்று 1874இல் இலிசோஸ் ஆற்றுப் படுகையில் கிடைத்தது. கட்டுடல் கொண்ட இளைஞன் நம்மை நேராகப் பார்க்கிறான்; அவன் நம் உலகில் இல்லை என்பது பார்வையிலேயே தெரிகிறது. எதிரே தடி ஊன்றிய கிழத் தந்தை, மோவாயில் கை வைத்தபடி மகனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மகன் அவரைப் பார்க்கவில்லை. இளைஞனின் காலடியில் சின்னஞ்சிறு பணியாள் பையன் ஒருவன் முழங்காலில் தலை கவிழ்ந்து சுருண்டிருக்கிறான். அழுது களைத்தானோ, தூங்கிவிட்டானோ. நாய் ஒன்று தரையை மோப்பம் பிடிக்கிறது. இறந்தவன் வளர்ந்த பிள்ளைதான், ஆனால் பெற்றவருக்கு அதனால் என்ன?

பானைகளில் இதைவிட வெளிப்படையாகவே வரைந்தார்கள். கல்லறைக்கு எண்ணெய் கொண்டுபோகும் வெள்ளைப் பூச்சுக் குடுவை ஒன்று, கி.மு. 430ஐ ஒட்டியது, இதுவும் மெட்ரோபாலிட்டனில் இருக்கிறது. இறந்தவர்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் சாரோன் படகோடு வந்து நிற்கிறான். கரையில் ஒரு சின்னக் குழந்தை, கையில் தன் சக்கரவண்டி. அது தாயின் பக்கம் கை நீட்டுகிறது. இந்தக் குடுவையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு முந்தைய காலத்தில் குழந்தைகளுக்குக் கல் உண்டா?

மிகக் குறைவு. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கல் என்பது செல்வக் குடும்பங்களின் பெருமை. பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு. அப்போதும் பெற்றோரின் குரல் கேட்கிறது. நியூயார்க்கில் இருக்கும், கி.மு. 530ஐ ஒட்டிய ஒரு கல் உச்சியில் உள்ள, சிங்க உடலும் பெண் முகமும் கொண்ட ஸ்ஃபிங்ஸ் உட்பட 4 மீட்டருக்கு மேல் உயரம். இளைஞன் ஒருவன், அவன் பக்கத்தில் பூ ஏந்திய சிறு தங்கை. தந்தையும் அன்புத் தாயும் சேர்ந்து நிறுத்தியதாக எழுத்து சொல்கிறது. கல் உடைந்து சிதறியதில் தங்கையின் தலை மட்டும் பெர்லினுக்குப் போய்விட்டது. நியூயார்க்கில் அண்ணன் பக்கத்தில் இருப்பது அதன் வார்ப்பு.

அதே நூற்றாண்டின் உடைந்த துண்டு ஒன்று ஏதென்ஸில் இருக்கிறது. அனாவிசோஸ் என்ற இடத்தில் கிடைத்தது. தாயின் முகத்தில் ஒரு பகுதியும், குழந்தையின் தலையும், அந்தத் தலையைத் தாங்கும் தாயின் கையும்தான் மிச்சம். கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையைத் தூக்கியவர்களுக்கு அந்தக் கை ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும்.

பிறகு கி.மு. 500ஐ ஒட்டி, ஏதென்ஸில் சிற்பம் செதுக்கிய கல்லறைக் கற்கள் ஏறக்குறைய நின்றே போயின. ஆடம்பரத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்று காரணம் என்பது பொதுக் கருத்து. பாரசீகர்கள் நகரத்தை அழித்த பின், கி.மு. 479இல் அவசர அவசரமாக மதில் எழுப்பியபோது பழைய கல்லறைக் கற்களையே பிடுங்கி வைத்துக் கட்டினார்கள். தீவுகளிலோ இந்தக் கலை அறுபடாமல் தொடர்ந்தது. பாரோஸ் சிறுமி அப்படி வந்தவள்தான்.

கி.மு. 430ஐ ஒட்டி ஏதென்ஸில் கற்கள் திரும்ப வந்தபோது குழந்தைகளும் பெண்களும் அவற்றில் நிறைந்துவிட்டார்கள். தாயும் தந்தையும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று கி.மு. 451இல் வந்த சட்டம், குடும்பத்தைப் பொதுவெளியில் காட்டிக்கொள்ளும் ஆர்வத்தைத் தூண்டியது என்று சிலர் விளக்குவார்கள். காரணத்தில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம். அதே ஆண்டுகளில்தான் கொள்ளைநோயும் வந்தது.

கொள்ளைநோய்க்கும் இந்தக் கற்களுக்கும் தொடர்பு உண்டா?

ஸ்பார்ட்டாவுடன் போர் தொடங்கி, கிராமத்து மக்கள் எல்லாரும் மதிலுக்குள் வந்து நெருக்கியடித்துக் கிடந்த நேரம். கி.மு. 430இல் நோய் பரவியது. சடலங்களை முறைப்படி எடுக்க முடியாமல், அடுத்தவர் அடுக்கிய சிதையில் தங்கள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்று அந்தக் காலத்தில் வாழ்ந்து, நோயிலிருந்து தப்பிய வரலாற்றாளர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார்.

1994–95இல் கெரமெய்கோஸில் மெட்ரோ ரயில் பணிக்காகத் தோண்டியபோது அந்தக் காலத்துப் பெருங்குழி ஒன்று வெளிப்பட்டது. சுமார் 150 பேர். அடியில் ஓரளவு ஒழுங்காகக் கிடத்தியிருந்தார்கள். மேலே போகப் போக வெறுமனே குவித்திருந்தார்கள். அந்தக் குவியலிலும் கைக்குழந்தைகளை மட்டும் தனித்தனிப் பானைகளில் வைத்திருந்தார்கள். நகரமே நிலைகுலைந்து, யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லாத நாளிலும் பச்சைக் குழந்தைக்கு ஒரு பானை தேடி எடுத்து வந்திருக்கிறார்கள். ‘மரத்துப் போயிருக்காதா’ என்று கேட்பவர்களிடம் நான் சொல்ல விரும்பும் இரண்டாவது பதில் இது.

அந்தக் குழியில் கிடைத்த பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டையோட்டைக் கொண்டு முகத்தை மீட்டுருவாக்கி, மிர்டிஸ் என்று பெயரும் வைத்தார்கள். அவளுடைய உண்மைப் பெயர் அவள் வீட்டோடு போய்விட்டது.

எல்லாக் குழந்தைகளுக்கும் கல் நட்டார்களா?

நடவில்லை. பளிங்கு விலை உயர்ந்தது. பிறந்த சில நாட்களில், மாதங்களில் இறந்தவர்களுக்குக் கல் மிக அரிது. ஐந்தாம் நாளை ஒட்டி அடுப்பைச் சுற்றி எடுத்துச் சென்று குடும்பத்தில் சேர்க்கும் சடங்கும், பத்தாம் நாள் பெயரிடும் விழாவும் உண்டு. அவற்றுக்கு முன்பே போய்விட்ட குழந்தைக்குக் கல்லில் பொறிக்கப் பெயரே இருக்காது. அடிமைகளின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இலிசோஸ் கல்லில் சுருண்டிருக்கும் பையன் இறந்திருந்தால் அவனுக்காக யார் கல் செதுக்கியிருப்பார்கள்?

கைக்குழந்தைகளைப் பெரும்பாலும் எண்ணெயோ மதுவோ வந்த பெரிய சாடிகளில் வைத்துப் புதைத்தார்கள். அஸ்டிபாலையா தீவில் இப்படி ஓர் இடுகாடு முழுவதும் குழந்தைகளுக்கென்றே இருந்தது. 2,700க்கும் மேற்பட்ட குழந்தைகள், ஒவ்வொன்றும் ஒரு சாடியில். கி.மு. எட்டாம் நூற்றாண்டிலிருந்து ரோமானியர் காலம்வரை பல தலைமுறைகள் அங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சாடியின் பக்கத்தை வெட்டித் திறந்து, உள்ளே கிடத்தி, வெட்டிய துண்டாலேயே மூடினார்கள்.

மாறாக, ஏதென்ஸ் சந்தைவெளியை ஒட்டிய பாழுங்கிணறு ஒன்றில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுமார் 450 சிசுக்களின் எலும்புகள் நாய்களின் எலும்புகளோடு சேர்ந்து கிடைத்தன. சிசுக்கொலை என்றுதான் பலர் முதலில் நினைத்தார்கள். எலும்புகளை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவை பிரசவத்திலோ அதையடுத்த சில நாட்களிலோ இயற்கையாக இறந்தவை என்று கண்டார்கள். மருத்துவச்சிகள் அவற்றை அங்கே சேர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. குறைபாடுள்ள சிசுக்களைக் கைவிடும் வழக்கம் கிரேக்கத்தில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதே கிரேக்கத்தில்தான் ம்னெசாகொராவின் பெற்றோரும் வாழ்ந்தார்கள். இரண்டும் உண்மை.

மணமாகாமல் இறந்த பெண்களுக்கு ஏதேனும் தனி வழக்கம் உண்டா?

உண்டு. மணநாளில் நீராட்டத் தண்ணீர் கொண்டுவரும் நெடுங்கழுத்துக் குடத்தை ‘லூட்ரோஃபோரோஸ்’ என்பார்கள். மணமாகாமல் இறந்தவர்களின் கல்லறைமேல் அந்தக் குடத்தைப் பளிங்கில் செதுக்கி வைப்பார்கள், ஆண் பெண் இருவருக்கும். நடக்காமல்போன திருமணத்தின் தண்ணீர் அது.

ஃபிராசிக்லெய்யாவைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. கி.மு. 550–540 காலத்து முழு உருவச் சிலை, பாரோஸைச் சேர்ந்த அரிஸ்டியோன் செய்தது. தலையில் தாமரை மொட்டுகளால் ஆன கிரீடம், கையில் விரியாத மொட்டு ஒன்று. சிவப்பு வண்ணம் ஆடையில் இன்னும் ஒட்டியிருக்கிறது. “ஃபிராசிக்லெய்யாவின் அடையாளம். என்றைக்கும் கன்னி என்றே அழைக்கப்படுவேன், திருமணத்துக்குப் பதிலாகத் தெய்வங்களிடம் நான் பெற்ற பெயர் இது” என்பது பீடத்து எழுத்து. அந்தப் பீடம் மெரெண்டா என்ற ஊரின் தேவாலயச் சுவரில் நெடுங்காலம் பதிந்து கிடந்தது. 1972இல் அருகிலேயே ஒரு குழியில், ஓர் இளைஞனின் சிலையோடு பத்திரமாகப் படுக்க வைத்த நிலையில் அவள் கிடைத்தாள். அதன் பிறகுதான் பீடமும் சிலையும் ஒன்றுசேர்ந்தன.

அப்படியென்றால் எல்லாக் கல்லிலும் வண்ணம் இருந்ததா?

ஆம். இன்று நாம் காணும் வெண்மை மழையும் மண்ணும் கழுவி விட்டது. கண், உதடு, கூந்தல், ஆடைக்கரை எல்லாம் தீட்டியிருந்தார்கள். சில கற்களில் பெயரையே பொறிக்காமல் வண்ணத்தால் எழுதியிருந்தார்கள். அந்தப் பெயர்கள் போயே போய்விட்டன.

குழந்தைகளின் கல்லறையில் சின்னஞ்சிறு மதுக்குடங்கள் கிடைக்கின்றனவே, ஏன்?

ஆண்டுதோறும் குளிர்காலம் முடியும் வேளையில் ஏதென்ஸில் அந்தெஸ்டீரியா என்னும் திருவிழா நடக்கும். அதன் இரண்டாம் நாள் ‘கோயெஸ்’, குடங்களின் நாள். மூன்று வயதான பிள்ளைகளுக்குப் பூமாலை சூட்டி, கைக்கு அடங்கும் ஒரு சிறு குடம் கொடுப்பார்கள். அவற்றின்மேல் தவழும் பிள்ளை, வண்டி இழுக்கும் பிள்ளை, நாயோடு விளையாடும் பிள்ளை என்று படங்கள். கைக்குழந்தைப் பருவம் கடந்தது என்று ஊரறியச் சொல்லும் நாள் அது. அதற்கு முன்பே இறந்த பிள்ளைகளின் கல்லறையிலும் குடத்தை வைத்தார்கள் என்று கருதப்படுகிறது. கிடைக்காமல் போன திருநாளைக் கையில் கொடுத்து அனுப்புவதுபோல. ரோமானியர் காலத்து ஏதென்ஸ் கல்லறை எழுத்து ஒன்று இதை நேராகவே சொல்கிறது: குடங்களின் நாளுக்கு உரிய வயதில் இருந்தான், ஆனால் விதி அந்த நாளை முந்திக்கொண்டது.

துக்கத்தை எப்படி வெளிப்படுத்தினார்கள்? ஒப்பாரி உண்டா?

உண்டு, பெண்கள்தான் முன்னின்றார்கள். உடலைக் குளிப்பாட்டி, வீட்டில் ஒரு நாள் கிடத்தி, சுற்றி நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுவார்கள். மறுநாள் கதிரவன் எழுமுன் எடுத்துவிட வேண்டும். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோலோன் கொண்டுவந்த சட்டம் முகத்தைக் கீறிக்கொள்வதைத் தடுத்தது. நெருங்கிய உறவு அல்லாத, அறுபது வயதுக்குக் குறைந்த பெண்கள் இழவு வீட்டுக்குள் வரக் கூடாது என்றும் கட்டுப்படுத்தினார்கள். அழுகைக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அது எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும்!

தந்தையர் அழவில்லையா?

கொள்ளைநோய்க் காலத்தில் ஏதென்ஸை வழிநடத்திய தலைவர் பெரிக்ளிஸின் கதையை வரலாற்றாளர் புளூடார்க் சொல்லியிருக்கிறார். கொள்ளைநோயில் சகோதரியும் மூத்த மகனும் நண்பர்கள் பலரும் போனபோதும் அவர் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் இளைய மகன் பாரலோஸும் இறந்தான். உடலின்மேல் மாலை வைக்கக் குனிந்தவர் அந்தக் கணத்தில் உடைந்து, வாய்விட்டுக் கதறினார். அதற்கு முன் வாழ்நாளில் அவர் அப்படிச் செய்ததில்லை. அடுத்த ஆண்டுக்குள் அதே நோய்க்கு அவரும் இரையானார்.

இதை எழுதிய புளூடார்க்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான். அவருக்கு நான்கு மகன்களுக்குப் பின், மனைவி ஏங்கிக் காத்திருந்து பிறந்த ஒரே பெண் திமோக்ஸெனா. இரண்டு வயதில் இறந்தாள். அவர் அப்போது வெளியூரில். செய்தி கொண்டுவந்த ஆள் வழியில் அவரைத் தவறவிட்டுவிட்டான். தனாக்ரா என்ற ஊருக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அங்கிருந்து மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். அது இன்றும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு நீர்க்கடன் செய்வது வழக்கமில்லை என்பதை அதில் நினைவூட்டுகிறார், துக்கத்தை அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். தத்துவ ஆசிரியர் அல்லவா, அறிவுரை இருக்கத்தான் செய்யும். ஆனால் நடுவிலே மகளின் நினைவு வந்துவிடுகிறது. பால் கொடுக்கும் செவிலியிடம் அவள் தனக்கு மட்டும் கேட்கமாட்டாளாம். மற்றக் குழந்தைகளுக்கும் கொடு என்பாளாம். தன் பொம்மைகளுக்கும் கொடு என்பாளாம்.

கல் நடும் வழக்கம் எப்போது நின்றது?

ஏதென்ஸில் கி.மு. 317இல் ஆட்சிக்கு வந்த டெமெட்ரியஸ் ஆடம்பரக் கல்லறைகளுக்குத் தடை விதித்தார். அதன்பின் மூன்று முழத்துக்கு மேற்படாத சிறு தூண், பலகைக் கல், தண்ணீர்த் தொட்டி என எளியவை மட்டுமே. செதுக்கிய பிள்ளைகள் ஏதென்ஸின் இடுகாட்டிலிருந்து மறைந்தார்கள். மற்ற கிரேக்க ஊர்களில் வழக்கம் தொடர்ந்தது.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

ம்னெசாகொராவும் ஃபிராசிக்லெய்யாவும் இலிசோஸ் கல்லும் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். அம்ஃபரெத்தே கெரமெய்கோஸ் இடுகாட்டை ஒட்டியே உள்ள சிறிய அருங்காட்சியகத்தில். பழைய கல்லறைத் தெரு அப்படியே இருக்கிறது, நடந்து பார்க்கலாம். புகழ்பெற்ற கற்களுக்கு வெளியே நிற்பவை பிரதிகள், மூலங்கள் கட்டடத்துக்குள். உள்ளே போனதும் அம்ஃபரெத்தேயின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கல்லின் மேல்விளிம்பில் எழுத்து ஓடுகிறது. படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணால் ஒருமுறை அதைத் தொடர்ந்து செல்லுங்கள். பிறகு துணி மடிப்புக்குள் இருக்கும் குழந்தையைப் பாருங்கள்.